பகுதிநேர நிருபர் எங்கே புகார் கொடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தோழிகளே, ஓர் உதவி. பாம்பன் பக்கம் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். மீனவர் கைது என்றால் ராத்திரி எந்நேரமானாலும் தங்கச்சிமடத்துக்கோ ராமேஸ்வரத்துக்கோ ஓட வேண்டும், அவசரத்துக்கு ஒதுங்க இடம் தேடியே பாதி உயிர் போய்விடும், அதைக்கூடச் சமாளித்துவிடுவேன். செய்தி கேட்கிற சாக்கில் எங்கள் பொறுப்பாளர் நடுராத்திரியில் வாட்ஸ்அப்பில் "தூங்கலையா, உன் போட்டோ ஒண்ணு அனுப்பு" என்று தொல்லை கொடுப்பதுதான் தாங்க முடியவில்லை. பதில் போடாவிட்டால் அந்த வாரம் என் செய்தி ஒன்றும் அச்சில் வராது. வந்தால்தானே காசு!

வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம் தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும், 10 பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் தரலாம் என்று படித்தேன். ஆனால் தலைமை அலுவலகம் மதுரையில், என்னிடம் நியமனக் கடிதமும் கிடையாது. அப்புறம் எங்கே கொடுப்பது, மதுரையிலா ராமநாதபுரத்திலா? ஸ்கிரீன்ஷாட்டும் அடையாள அட்டையும் போதுமா? இப்படிப் புகார் கொடுத்தவர்கள் இருந்தால் தயவுசெய்து தனியாகச் செய்தி அனுப்புங்கள்.