பொருள்: மறு: ஃபீட்-இன் டேரிஃப், தமிழில் எப்படி?

> கட்டுரையில் 'மின்னூட்டக் கட்டணம்' என்று போட்டிருக்கிறேன். சரிவருமா?

வணக்கம் ஐயா,

இரண்டு பாதியுமே இடிக்கிறது. மின்னூட்டம் என்றதும் வாசகருக்கு இயற்பியல் பாடமோ பேட்டரி சார்ஜோதான் நினைவுக்கு வரும். கட்டணம் நாம் கட்டுவது. இங்கோ கூரையில் சோலார் பேனல் வைத்து மின்தொகுப்புக்கு மின்சாரம் தருபவருக்கு, அரசு நிர்ணயித்த விலையில் பணம் வருகிறது. இதற்கான ஜெர்மன் சொல்லுக்குப் பொருளே 'உள்ளே செலுத்தியதற்கான ஊதியம்'.

ஜெர்மனியின் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாருங்கள். சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 99 ஃபெனிக் (அன்றைய ஜெர்மன் சில்லறை; 100 ஃபெனிக் ஒரு மார்க்); காற்றாலைக்கு வேறு விலை. இணைந்தவருக்கு அந்த விலை 20 ஆண்டுக்கு மாறாது. ஆனால் பிந்தி வருபவருக்கு விலை படிப்படியாகக் குறையும். சூட்சுமமே இதில்தான். வருமானம் நிச்சயம் என்றால் வங்கி கடன் தரும், ஆலைகள் பெருகும், பேனல் விலை இறங்கும், கூடவே புதியவருக்கு அரசு தரும் விலையும் இறங்கும். இறக்கம் பிந்தினால் 2008இல் ஸ்பெயினில் நடந்ததுதான்: தாராள விலைக்கு நிலையங்கள் குவிந்தன, அரசு அவசரமாக உச்சவரம்பு போட்டது.

> 'உறுதிக் கொள்முதல் விலை' என்றால்?

குறைந்த விலை கேட்டு ஏலத்தில் வென்றவருக்கும் நீண்டகால விலை உறுதிதானே? ஜெர்மனியே 2017 முதல் பெரிய நிலையங்களுக்கு ஏலத்துக்கு மாறிவிட்டது. வித்தியாசம், விலையை யார் சொல்வது என்பதில். ஏலத்தில் விற்பவர் சொல்கிறார். இதில் அரசு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தகுதியுள்ள யாரும் இணையலாம். ஆகவே 'அறிவிப்பு விலை' என் பரிந்துரை. ஆண்டுதோறும் குறைப்பதற்குப் 'படியிறக்கம்'.

---

படியிறக்கத்தை இன்றே எடுத்துக்கொள்கிறேன் அம்மா! ஆனால் 'அறிவிப்பு விலை' தனியாக நின்றால் எதன் விலை என்று தெரியவில்லை. அணைக்கு நீர்வரத்து மாதிரி மின்தொகுப்புக்கு 'மின்வரத்து' என்று வைத்தால்?

---

அருமை. 'மின்வரத்து விலை' பொதுச்சொல்லாக இருக்கட்டும். முன்னால் 'அறிவிப்பு' அல்லது 'ஏல' சேர்த்தால் வகை பிரிந்துவிடும். முதல் இடத்தில் 'அறிவிப்பு மின்வரத்து விலை' என்று முழுதாக எழுதுங்கள், பிறகு சுருக்கலாம். நெட் மீட்டரிங்கை மட்டும் இதற்குள் இழுக்க வேண்டாம். அங்கே கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழிப்பதுதான் அடிப்படை. அதற்குத் தனி இழை தொடங்குவோம்.