கோஇன்சூரன்ஸ் கணக்கு பிடிபடவில்லை

கேள்வி: கலிபோர்னியாவில், சான் ஹோசேயில் இருக்கிறேன். பிராப்பர்ட்டி அண்ட் கேஷுவல்டி (சொத்து, பொறுப்புக் காப்பீடு விற்பதற்கான) உரிமத் தேர்வில் இரண்டு தடவை தவறிவிட்டேன். குழந்தை தூங்கிய பிறகு, அடுப்பு மேடை விளக்கில்தான் படிப்பு. கோஇன்சூரன்ஸ் (போதிய தொகைக்குக் காப்பீடு எடுக்காவிட்டால் இழப்பீடும் குறையும் என்ற விதி) கணக்கில் மட்டும் ஒவ்வொரு முறையும் சறுக்குகிறேன். யாராவது சொல்லித் தாருங்களேன்.

பதில்: கட்டட மதிப்பு 4,00,000 டாலர், 80% விதி என்று வையுங்கள். 3,20,000க்குக் காப்பீடு இருக்க வேண்டும். எடுத்தது 2,40,000தான், அதாவது வேண்டியதில் முக்கால் பங்கு. அப்போ நஷ்டம் 40,000 என்றாலும் கிடைப்பது அதில் முக்கால் பங்குதான்: 30,000. டிடக்டிபிளை (நஷ்டத்தில் நாமே ஏற்க வேண்டிய தொகையை) அப்புறம் கழியுங்கள்.

இன்னொரு பதில்: புத்தகம் பழையதா, பாருங்கள். கலிபோர்னியாவில் கார் லயபிலிட்டி (பிறருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு) குறைந்தபட்சம் 2025 ஜனவரி 1 முதல் 30/60/15. அதாவது ஆயிரம் டாலர் கணக்கில், ஒருவர் காயத்துக்கு 30, ஒரு விபத்தில் எல்லார் காயத்துக்கும் சேர்த்து 60, சொத்துச் சேதத்துக்கு 15.

கேட்டவர்: ஐயோ, என்னுடையதில் 15/30/5 என்றுதான் இருக்கிறது! இப்போதே அடித்துத் திருத்திவிட்டேன். அந்த முக்கால் பங்கு நன்றாகப் புரிந்தது, அக்கா. ரொம்ப நன்றி.