ஃபோரம் தியேட்டர்: இரண்டு பக்கமும் "நாங்கதான் பாதிக்கப்பட்டவங்க" என்றால் நாயகர் யார்?

திண்ணைவிளக்கு கேட்டது:

வணக்கம். பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புகள் இரண்டு, நடுவில் ஒரு பொது மைதானம். யார் எப்போது பயன்படுத்துவது என்பதில் மூன்று மாதமாக முறைப்பு. கைகலப்பு இன்னும் இல்லை. இரு பக்க இளைஞர்களையும் சேர்த்து ஃபோரம் தியேட்டர் செய்யத் திட்டம்: ஒரு சிக்கலை நாடகமாகக் காட்டி, மறுபடி ஓட்டும்போது பார்வையாளர் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறி, வேறு வழியை நடித்துப் பார்ப்பது. ஏழு நடிகர்கள், ஆறு ஒத்திகை. ஒடுக்கப்படுபவருக்குப் பதிலாகத்தான் பார்வையாளர் மேடையேறலாம் என்பது இதை உருவாக்கிய பிரேசில் நாடகக்காரர் அகுஸ்தோ போவாலின் முறை. இங்கே இரண்டு பக்கமும் அந்த இடத்தைக் கேட்கிறது. யாரை நாயகராக வைப்பது? எவ்வளவு நேரம்? மேடையில் அடிதடி வந்தால்?

மூன்றாம்மணி:

நாயகரை இரண்டு குடியிருப்புக்கும் நடுவில் தேடாதீங்க, ஒரே குடியிருப்புக்குள்ளே தேடுங்க. "அவங்ககிட்ட ஒரு தடவை பேசிப் பார்க்கலாமே" என்று நினைக்கிற ஒரு பெண். அவளைத் தடுக்கிற அண்ணன், அவன் கூட்டாளிகள், குடியிருப்புச் சங்கத் தலைவர். எதிராளி சொந்த வீட்டுக்குள்ளேயே இருப்பதால் அந்தப் பக்கத்தை வில்லனாக்கும் தேவையே வராது. மறுபக்கத்துக்கும் இதே மாதிரி ஒன்று. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குறுநாடகம், ஒவ்வொன்றும் எட்டு நிமிடம்.

அவரவர் பக்கத்தை அவரவரே நடிக்கணும். மாற்றி நடிப்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மற்றவர் நடையையும் பேச்சையும் மிகைப்படுத்தாமல் யாராலும் இருக்க முடியாது. ஒரு சிரிப்புச் சத்தம் போதும், கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

கதை தோல்வியில் முடியட்டும். ஆனால் அதற்கு முன்னால் மூன்று இடங்களிலாவது "இங்கே வேற மாதிரி பண்ணியிருக்கலாமே" என்று பார்ப்பவருக்குப் பதறணும். பலரும் தவறுவது இங்கேதான். முதல் காட்சியிலேயே கட்டையைத் தூக்க வைத்துவிடுவார்கள். கை ஓங்கிய பிறகு ஓடுவதையும் திருப்பி அடிப்பதையும் தவிர வழியில்லை, பார்வையாளர் நுழைய இடுக்கே இருக்காது. நெருக்கடி இருக்கணும், நேரமும் மிச்சம் இருக்கணும்.

ஒத்திகையில் முதல் இரண்டு நாள் வசனமே வேண்டாம். உடலை வைத்து சிலைக் காட்சி மட்டும்: மைதானம் இன்று எப்படி, எப்படி இருக்கணும், இரண்டுக்கும் நடுவில் என்ன. வாயைத் திறந்தால் பழைய வாக்குவாதம் வந்துவிடும். அடுத்த இரண்டு நாளில் நாடகத்தைக் கட்டுங்க. கடைசி இரண்டு நாளும் குழுவினரே பார்வையாளராகக் குறுக்கிட்டுப் பழகணும்.

கதவோரம்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஜோக்கர் (மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்று நிகழ்ச்சியை நடத்துபவர்) பற்றியும் எதிராளி பற்றியும் சேர்க்க வேண்டியது இருக்கிறது.

எதிராளியாக நடிப்பவர் சீக்கிரம் இறங்கிவந்தால் மொத்த நிகழ்ச்சியும் பொய்யாகிவிடும். இனிமையாக ஒரு வார்த்தை பேசியதும் அண்ணன் மனம் மாறினால் எல்லாரும் கைதட்டுவார்கள், ஆனால் வீட்டுக்குப் போனால் நிஜ அண்ணன் மாறமாட்டான். இறங்கவே மாட்டேன் என்று நின்றாலும் நம்பிக்கை போய்விடும். அந்தப் பாத்திரம் எதற்குப் பயப்படுகிறது என்று நடிகருக்குத் தெரிந்திருக்கணும். அந்தப் பயத்தைத் தொட்டால் மட்டும் அசையணும். இதற்கு ஒத்திகையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பாத்திரமாகவே இருபது கேள்விக்குப் பதில் சொல்லவைத்தால் போதும்.

ஜோக்கர் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஒவ்வொரு குறுக்கீடு முடிந்ததும் கூட்டத்திடம் கேட்க இரண்டே கேள்வி: "இது நடக்கிற காரியமா, மந்திரமா?", "இதனால் என்ன மாறியது, என்ன மாறவில்லை?" இரு குடியிருப்பையும் சேராதவராக இருந்தால் நல்லது.

நாயகியின் அடையாளமாக ஒரே அசைவில் கைமாறும் பொருளை வையுங்க, தோளில் போடும் துண்டு மாதிரி. பொத்தான் வைத்த சட்டை என்றால் கழற்றி மாட்டுவதற்குள் எழுந்து வந்தவரின் துணிச்சல் ஆறிவிடும்.

அடிதடிக்கு: ஜோக்கர் ஒருமுறை கைதட்டினால் எல்லாரும் அப்படியே உறையணும். அடி, தள்ளு எல்லாமே தொடாமல், மெதுவசைவில். நிகழ்ச்சி தொடங்கும்போதே கூட்டத்துக்கும் இதைச் சொல்லி, ஒருமுறை செய்துகாட்டிவிடுங்க. போவாலின் ஃபோரம் பிறந்த கதையிலேயே அடி இருக்கிறது. 1973-இல் பெருவில் எழுத்தறிவுத் திட்டத்தோடு வேலை செய்தபோது, தன் யோசனையை நடிகர்கள் சரியாக நடிக்கவில்லை என்று ஒரு பெண் திரும்பத் திரும்ப மறுத்தார். நீங்களே வாங்க என்று அழைத்ததும் மேடையேறி, கணவனாக நடித்தவரைத் துடைப்பத்தால் விளாசிவிட்டார்!

உப்புக்காற்று:

ஒன்றை விட்டுவிட்டீர்கள். மைதானத்தின் பொறுப்பு யார் கையில்? அவர் வராமல் எவ்வளவு நல்ல யோசனை வந்தாலும் காற்றோடு போகும். ரியோ டி ஜெனிரோவில் போவால் 1993 முதல் 1996 வரை நகர்மன்ற உறுப்பினராக இருந்தபோது, ஃபோரம் மேடையில் வந்த யோசனைகளைச் சட்டமுன்வரைவாக மாற்றினார். 13 சட்டங்கள் நிறைவேறின. மேடைக்கும் முடிவெடுக்கும் மேசைக்கும் நடுவே ஆள் இருந்ததால்தான் அது நடந்தது.

ஆகவே குறிப்பெடுக்க இருவர், பக்கத்துக்கு ஒருவர். யார் சொன்னது என்று எழுத வேண்டாம், என்ன முயன்றார்கள், எதிராளி எங்கே அசைந்தார் என்பது மட்டும். ஒரு வாரத்துக்குள் அது பொறுப்பாளர் கையில் இருக்கணும். வீடியோ எடுக்காதீங்க. எதிர்ப்பக்கத்தோடு பேசலாம் என்று மேடையில் சொன்ன பெண்ணின் முப்பது விநாடித் துண்டு அவள் தெருவில் சுற்றினால், அவளுக்கு நேரும் கெடுதலை உங்களால் சரிசெய்ய முடியாது. நிகழ்ச்சிக்கு முன் ஒரு கைகலப்பு நடந்துவிட்டால் தள்ளிவையுங்க. கோபம் சூடாக இருக்கும்போது மேடை இன்னொரு சண்டைக்களமாகிவிடும்.

திண்ணைவிளக்கு:

மிக்க நன்றி. அறுபது பேர் வரலாம். யாருமே எழுந்து வராவிட்டால்?

கதவோரம்:

முதலில் பத்து நிமிடம் எல்லாரையும் நிற்கவைத்து உடல் விளையாட்டு. உட்கார்ந்தே இருந்த கூட்டம் எழாது. உயர மேடை வேண்டாம், தரையில் அரைவட்டம், முதல் வரிசைக்கும் நடிகருக்கும் நடுவே மூன்று அடி. நாடகத்தை ஒருமுறை முழுக்கக் காட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்க, அந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும். அப்புறம் அதே நாடகத்தைக் கொஞ்சம் வேகமாக மறுபடி ஓட்டுங்க. முதல் ஆள் வர நேரமாகும்; ஜோக்கர் பயந்துபோய் தானே யோசனை சொல்லிவிடக் கூடாது. குழுவிலிருந்து ஆளை ஒளித்து உட்காரவைத்து எழவைக்கவும் வேண்டாம், தெரிந்தால் மிச்சப் பேர் வரவே மாட்டார்கள். யாராவது "நிறுத்து" என்று முணுமுணுத்தால்கூடப் போதும், காட்சியை உறையவைத்து, துண்டை எடுத்துக்கொண்டு அவரிடம் நடந்து போங்க.