1969 சி10 பிக்கப்: கதவு பீடிங் எதை வாங்குவது, எப்படி ஒட்டுவது?

நீலக்கேபின்:

வணக்கம். என்னிடம் 1969 செவ்ரோலெட் சி10 இருக்கிறது. இன்ஜின், பிரேக் வேலை முடிந்துவிட்டது, இப்போது கேபினுக்கு வந்திருக்கிறேன். இரண்டு கதவிலும் பழைய பீடிங் (கதவு ஓரத்தைச் சுற்றி அடைக்கும் ரப்பர்) காய்ந்து, விரல் பட்டால் பொடியாக உதிர்கிறது. மேல் மூலைகளில் பாதியைக் காணவே இல்லை. வேகம் எடுத்தால் ஓட்டுநர் பக்கம், காதுக்குப் பின்னால் காற்று விசிலடிக்கிறது. மழை பெய்தால் பயணி பக்கத் தரையில் தண்ணீர் நிற்கிறது.

கண்ணில் படுவது மூன்று வகை. இந்த மாடலுக்கென்றே மூலைகளை வார்த்துத் தரும் ஸ்பான்ஞ் பீடிங், மீட்டர் கணக்கில் வாங்கும் 'டி' வடிவ ரப்பர் (பின்னால் ஸ்டிக்கர் இருக்கிறது), புதுக் கார்களில் வருகிற, உள்ளே இரும்பு வைத்துத் தகர ஓரத்தில் அழுத்திச் சொருகும் பீடிங். எதை எடுப்பது? கதவுக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை, பெயின்ட் முதலா, பீடிங் முதலா? எந்தப் பசை நிற்கும்? புது பீடிங் போட்டால் கதவே சாத்த வராது என்று பலரும் சொல்கிறார்கள், அது வேறு கவலையாக இருக்கிறது.

தகரவேலை:

தம்பி, ரப்பரைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல கதவைப் பாருங்க. இடைவெளி ஒரே சீரா இல்லாத கதவுக்கு எந்த பீடிங் போட்டாலும் ஒரு பக்கம் இடிக்கும், இன்னொரு பக்கம் விசிலடிக்கும்.

கதவைக் கொஞ்சமாத் திறந்து, லாக் பக்க முனையைக் கையால மேல தூக்கிப் பாருங்க. கதவு கீல்ல ஆடுதுன்னா கீலோட நடுக்கம்பியும் (பின்), அதைச் சுத்தியிருக்கிற வளையமும் (புஷ்) தேய்ஞ்சிருக்கு. அதை மாத்தாம வேற எதையும் அளக்கவே வேண்டாம், நாளைக்கு அந்தக் கீல் பின்னை மாத்தினதும் கதவு உசந்துக்கும், எல்லா அளவும் மாறிடும். கேபினுக்கு அடியில இருக்கிற மவுண்ட் ரப்பரையும் பாருங்க. ஒரு மூலை அமுங்கிப் போயிருந்தா கேபினே லேசா முறுக்கி நிக்கும், அது கதவு இடைவெளியிலதான் முதல்ல தெரியும்.

அடுத்தது அளவு. பழைய பீடிங்கையும் காஞ்ச பசையையும் முழுசா எடுத்துடுங்க. பிளாஸ்டிசின் களிமண்ணைப் பெருவிரல் கனத்துக்கு உருட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தாள்ல சுத்தி, பீடிங் உக்கார்ற இடத்துல கைச்சாண் இடைவெளி விட்டு ஒட்டுங்க. கதவை முழு லாக் விழற வரைக்கும் சாத்தித் திறங்க. அமுங்கின களிமண்ணோட கனம்தான் அந்த இடத்து இடைவெளி. ஒவ்வொண்ணையும் அளந்து, பக்கத்துலயே சாக்பீஸால எழுதி வையுங்க.

ஸ்பான்ஞ் பீடிங் தன் உசரத்துல மூணுல ஒரு பங்கு அமுங்கினா நல்லா அடைக்கும். 10 மி.மீ. இடைவெளிக்கு 15 மி.மீ. உசர பீடிங். பாதிக்கு மேல அமுங்குற மாதிரி வாங்கினா கதவைத் திருப்பித் தள்ளும், ரப்பரும் சீக்கிரமே தட்டையாகிச் செத்துடும்.

வகைன்னு கேட்டா, மாடலுக்கென்றே வார்த்து வர்றதை எடுங்க. 1967-லருந்து 1972 வரைக்கும் ஒரே உடம்புதான், அதனால இன்னும் புதுசாவே செஞ்சு விக்கிறாங்க. மீட்டர் ரப்பர் நேர் ஓட்டத்துல நல்லாத்தான் இருக்கும். மூலையில வளைச்சா உள்பக்கம் மடிஞ்சு சுருங்கும், வெளிப்பக்கம் இழுபட்டுத் தட்டையாகும், தண்ணி அங்கேதான் வரும். சொருகுற வகை பிடிக்கணும்னா கேபின் ஓரத்துல நேரா நிக்கிற தகர மடிப்பு வேணும், அதோட கனமும் பீடிங்கோட வாய்க்குப் பொருந்தணும். கதவுல ஒண்ணு, கேபின்ல ஒண்ணுன்னு இரண்டையும் போட நினைக்காதீங்க. ஒரு ரப்பருக்குத்தான் அங்கே இடம் இருக்கு.

வாங்கும்போது ஈபிடிஎம்ங்கிற செயற்கை ரப்பரான்னு கேளுங்க. வெயிலும் ஓசோனும் சாதாரண ரப்பரை வெடிக்க வைக்கிற மாதிரி அதை வெடிக்க வைக்காது. பெட்ரோலும் ஆயிலும்தான் அதுக்கு ஆகாது, ஊதிப் போயிடும். துண்டு கிடைச்சா தண்ணிக்குள்ள வச்சு அழுத்தி விட்டு, எடுத்துப் பிழிஞ்சு பாருங்க. தண்ணி சொட்டினா அது திறந்த துளை ஸ்பான்ஞ். கதவுல போட்டா ஈரத்தைத் தகரத்தோட சேர்த்துப் பிடிச்சு வச்சிருக்கும், அடியில துரு ஓடும். அது வேண்டவே வேண்டாம்.

கண்ணாடிச்சேனல்:

பயணி பக்கத் தண்ணீர் பற்றி மட்டும் சொல்கிறேன். பீடிங் மாற்றியும் அது நிற்காமல் போக வாய்ப்பு அதிகம், அதனால் காரணத்தை இப்போதே கண்டுபிடித்துவிடுங்கள்.

கதவின் உள்ளே மழைத்தண்ணீர் போவது இயல்பு. கண்ணாடியில் வழியும் தண்ணீர் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள வடிகால் துளைகள் வழியாக வெளியே போகும்படிதான் கதவையே செய்திருக்கிறார்கள். அந்தத் துளை மண்ணால் அடைந்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். கதவின் உள்பக்க அட்டைக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாள் கிழிந்தாலோ, யாராவது கழற்றி எறிந்திருந்தாலோ, தண்ணீர் அட்டையை நனைத்து பீடிங்குக்கு உள்பக்கமாகத் தரையில் விழும். எவ்வளவு நல்ல பீடிங்கும் அதைத் தடுக்காது.

முன்கண்ணாடி ரப்பர், முக்கோணக் கண்ணாடியின் ரப்பர், வைப்பருக்கு அடியில் கேபினுக்குக் காற்று எடுக்கும் காற்றுப் பெட்டி ஆகியவையும் சந்தேகத்துக்கு உரியவை. தரையில் செய்தித்தாள் விரித்து, ஒருவரை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து, ஹோஸ் தண்ணீரைக் கீழிருந்து மேலாகக் கொண்டுபோங்கள். கதவின் அடி, நடு, பிறகு கண்ணாடி, கடைசியில் காற்றுப் பெட்டி. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிறுத்துங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து, எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

வெள்ளைக்கோடு:

பசைக்குத் தனியாக அலைய வேண்டாம், சிலிக்கான் சீலண்ட் போதும். காற்றும் போகாது, தண்ணீரும் போகாது.

தகரவேலை:

சிலிக்கான் வேண்டாம், நண்பரே. வினிகர் வாடை அடிக்கிற வகை காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், வெறும் தகரத்துல பட்டா அரிக்கும். ஈபிடிஎம்ல சரியாப் பிடிக்கவும் பிடிக்காது. பெயின்ட் அடிக்காத வண்டிக்குப் பக்கத்துல சிலிக்கான் டப்பாவைத் திறக்கவே கூடாதுன்னு நான் நினைக்கிறேன். ஒரு துளி மிச்சம் இருந்தாலும் அந்த இடத்துல பெயின்ட் ஒதுங்கி வட்ட வட்டமாக் குழி விழும்.

நீலக்கேபின்:

இருவருக்கும் நன்றி. சொன்னபடி களிமண் வைத்து அளந்தேன். பயணி பக்கம் சுற்றிலும் 8 முதல் 10 மி.மீ. ஓட்டுநர் பக்கம் கீல் ஓரம் 7, அடியில் 10, லாக் ஓரம் 9. ஆனால் மேல் பின் மூலையில் 16. விசில் வருகிற இடம் அதுதான். ஓட்டுநர் கதவைத் தூக்கினால் ஆடுகிறது, பயணி கதவு ஆடவில்லை.

ஹோஸ் வைத்தும் பார்த்தேன். பயணி பக்கம் கண்ணாடியில் தண்ணீர் விட்டதும் அட்டையின் கீழ் ஓரத்திலிருந்து சொட்டியது. அட்டையைக் கழற்றினால் பிளாஸ்டிக் தாளே இல்லை. வடிகால் துளைகளில் ஒன்று முழுவதும் அடைத்திருந்தது.

16 மி.மீ. மூலைக்கு மட்டும் தடித்த ரப்பர் வைக்கலாமா?

தகரவேலை:

அருமையா அளந்திருக்கீங்க. மூலைக்குத் தனி ரப்பர் வேண்டாம், இரண்டு ரப்பர் சேர்ற இடத்துல தண்ணிக்கு வழி கிடைச்சுடும். 16-ஐக் குறைக்கணும்.

முதல்ல ஓட்டுநர் கதவோட கீல் பின், புஷ் மாத்துங்க. அப்புறம் கீல் போல்ட்டை லேசாத் தளர்த்தி, கேபின் தகரத்துல ஓடுற மடிப்புக் கோடும் கதவுல ஓடுற மடிப்புக் கோடும் ஒண்ணா வர்ற மாதிரி நிறுத்தி இறுக்குங்க. கேபின் பக்கம் லாக் போய்ப் பிடிக்கிற ஸ்ட்ரைக்கரைக் கடைசியாத்தான் தொடணும். ஸ்ட்ரைக்கரால கதவைத் தூக்கி நிறுத்தினா லாக்கும் கெடும், கீலும் கெடும். இதையெல்லாம் முடிச்சுட்டு மறுபடியும் களிமண் வையுங்க.

அப்பவும் மேல் மூலை வெளியே நின்னா, கண்ணாடிச் சட்டம் வெளிப்பக்கம் வளைஞ்சிருக்கு. பழைய டிரக்குல இது சகஜம், சட்டத்தோட உச்சியைப் பிடிச்சு வருஷக்கணக்கா இழுத்துத் திறந்திருப்பாங்க. கண்ணாடியை முழுசா இறக்குங்க. லாக்குக்குப் பக்கத்துல, கதவுக்கும் கேபினுக்கும் நடுவுல துணி சுத்தின மரக்கட்டையை வச்சு, சட்டத்தோட மேல் மூலையை உள்ளங்கையால நிதானமா உள்ள அழுத்துங்க. விட்டதும் கொஞ்சம் திரும்பி வரும், அதனால கொஞ்சம் கொஞ்சமா அழுத்தி, ஒவ்வொரு தடவையும் கதவைச் சாத்திப் பாருங்க. ஒரே அடியா வளைச்சா சட்டம் கதவோட சேர்ற இடத்துல தகரம் மடியும். முடிஞ்சதும் கண்ணாடி ஏறி இறங்குறதையும் பார்த்துடுங்க. இதெல்லாம் பெயின்ட்டுக்கு முன்னாடியே செய்யுற வேலை.

பீடிங் எப்பவும் பெயின்ட்டுக்கு அப்புறம்தான். அது உக்கார்ற பள்ளத்துல துருவை உப்புத்தாள் போட்டு எடுத்து, பிரைமர், பெயின்ட். பெயின்ட் முழுசா இறுகணும். பசையில இருக்கிற கரைப்பான் முழுசா இறுகாத பெயின்ட்டை மடிச்சுத் தூக்கிடும்.

புது பீடிங் மேல வார்ப்புல தூவுற பவுடர் இருக்கும். ஒட்டற பக்கத்தை நைஸ் உப்புத்தாளால லேசாத் தேய்ச்சு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் துணியால துடைங்க. பசை பிடிக்காம உரிஞ்சு வர்றதுக்கு முக்காவாசி காரணம் இந்தப் பவுடர்தான். முதல் தடவை பசையே இல்லாம, மாஸ்கிங் டேப்பால மட்டும் ஒட்டிக் கதவைச் சாத்திப் பாருங்க. இடது வலது மாறி இருக்கலாம், பீடிங்கோட நீட்டிக்கிட்டு இருக்கிற ஓரம் தலைகீழாத் திரும்பியிருக்கலாம், எல்லாம் அப்பவே தெரிஞ்சுடும்.

பசைக்கு வெதர்ஸ்டிரிப் அட்ஹெசிவ்னே விக்கிற கான்டாக்ட் வகை, கறுப்பு நிறம். ரப்பர்லயும் தகரத்துலயும் மெல்லிசாப் பூசி, விரல் வச்சா ஒட்டணும், ஆனா நூல் இழுக்கக் கூடாது, அந்தப் பதம் வர்ற வரைக்கும் காத்திருங்க. முதல்ல மூலைகள். மூலை சரியா உக்கார்ந்த பிறகு நடு ஓட்டம். கையளவு நீளத்துக்கு மட்டும் பூசி நகருங்க.

எக்காரணம் கொண்டும் இழுத்து ஒட்டாதீங்க. இழுத்த ரப்பர் நாளாக ஆகத் தன் நீளத்துக்குத் திரும்பும், மூலையைப் பிடுங்கிட்டு வரும். லேசா நெருக்கி, மிச்சம் விட்டு ஒட்டுங்க. இணைப்பு இருந்தா அடிப்பக்கம் நடுவுல வரட்டும், முனைகள் ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு நிக்கணும். குழாய் மாதிரி உள்ளே வெற்றிடம் உள்ள பீடிங்னா மறைவான பக்கம் ஊசித் துளைகள் இருக்கும், அதைப் பசையால மூடிடாதீங்க. உள்காத்து வெளியேறலைன்னா குழாய் அமுங்காது.

பயணி பக்கம் புதுத் தாளை ஒட்டும்போது அதோட கீழ் ஓரத்தைக் கதவுக்கு உள்ள தள்ளி விடுங்க, வழியுற தண்ணி அறைக்குள்ள வராம வடிகாலுக்கே போகும்.

நீலக்கேபின்:

கீல் பின் மாற்றியதும் மூலை 13-க்கு வந்தது, சட்டத்தை அழுத்தியதில் இப்போது 10. மேலே சொன்ன வார்ப்பு பீடிங்கையே வாங்குகிறேன். ஒட்டிய பிறகு கதவு சாத்தக் கடினமாக இருந்தால் ஸ்ட்ரைக்கரை வெளியே நகர்த்தலாமா?

தகரவேலை:

உடனே வேண்டாம். ராத்திரி முழுக்கக் கதவை முழு லாக்குல சாத்தி வையுங்க. புது ஸ்பான்ஞ் சில நாள்ல தன் இடத்துக்கு அமுங்கிக்கும்.

அப்புறமும் கடினமா இருந்தா, இரண்டு கண்ணாடியையும் இறக்கிட்டுச் சாத்திப் பாருங்க. அப்போ சுலபமாச் சாத்தினா குறை ரப்பர்ல இல்லை, நல்லா அடைச்ச சின்ன கேபின்ல காத்து வெளியே போக வழியில்லாம எதிர்க்குது. அதை அப்படியே விட்டுடுங்க. கண்ணாடி இறங்கியும் கடினமா இருந்தா எங்கேயோ ரப்பர் அதிகமா அமுங்குது. பீடிங் மேல சாக்பீஸ் தடவிக் கதவைச் சாத்துங்க, கேபின்ல கோடு எங்கே அகலமா விழுதோ அதுதான் இடம். தாளைச் சின்னப் பட்டையா வெட்டி இடையில வச்சுச் சாத்தி இழுத்தும் பார்க்கலாம், சுத்திலும் ஒரே இறுக்கமா வரணும். லாக் பக்கம் மட்டும் இறுக்கம்னா ஸ்ட்ரைக்கரை ஒரு மி.மீ. வெளியே நகர்த்துங்க. கீல் பக்கம் இறுக்கம்னா ஸ்ட்ரைக்கரைத் தொட்டுப் பிரயோஜனம் இல்லை, கீல்லதான் சரி பண்ணணும்.