அனுப்பிய டெதர் வாலட்டில் தெரியவில்லை, யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்த டெதரை (டாலர் மதிப்பையொட்டிய கிரிப்டோ நாணயம், USDT) முதல்முறையாக என் சொந்த வாலட்டுக்கு மாற்றினேன். முகவரியின் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளை மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. ஆனால் நெட்வொர்க் கேட்ட இடத்தில், கட்டணம் குறைவு என்று பிஎன்பி ஸ்மார்ட் செயினைத் தட்டிவிட்டேன். வாலட்டில் இருப்பதோ எதீரியம் நெட்வொர்க் மட்டும்.

எக்ஸ்சேஞ்ச் 'முடிந்தது' என்கிறது. டிரான்சாக்ஷன் ஐடியை பிஎஸ்சி ஸ்கேனில் (அந்தச் செயினின் பரிவர்த்தனைகளைக் காட்டும் தளம்) போட்டால் என் முகவரிக்கு வந்துவிட்டதாகத்தான் காட்டுகிறது. வாலட்டைத் திறந்தால் பூஜ்யம்!

இரண்டு செயினிலும் முகவரி ஒன்றுதான், அதனால் பணம் தொலையவில்லை என்று புரிந்துகொண்டிருக்கிறேன். பிஎன்பி ஸ்மார்ட் செயினின் அடையாள எண்ணான செயின் ஐடி 56 கொடுத்து அந்த நெட்வொர்க்கைச் சேர்த்து, அதில் டெதரை அடையாளம் காட்டும் கான்ட்ராக்ட் முகவரியையும் போட்டால் தெரியுமா? அப்புறம் அதை வெளியே அனுப்ப, கேஸ் கட்டணத்துக்கு (நெட்வொர்க் வாங்கும் பரிவர்த்தனைக் கட்டணம்) அந்தச் செயினின் சொந்த நாணயமான பிஎன்பி கொஞ்சம் வாங்கியே ஆக வேண்டுமா? அந்தச் சில்லறை பிஎன்பியையும் எக்ஸ்சேஞ்சிலிருந்துதான் அனுப்ப வேண்டும், இந்தத் தடவை எந்த நெட்வொர்க்?

மொத்தத் தொகையையும் ஒரே மூச்சில் அனுப்பினது என் முட்டாள்தனம்தான், திட்டுகிறவர்கள் பதிலையும் சேர்த்துத் திட்டுங்கள். வாலட்டை மீட்கும் 12 ரகசியச் சொற்களைக் கேட்டு இன்பாக்ஸுக்கு மட்டும் வராதீர்கள். ஏற்கெனவே ஒருவர் வந்துவிட்டார்.