நான்கு இளஞ்சேவல்களில் எதை வைத்துக்கொள்வது?

கொளத்தூர் தாமரை

ஆடி பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். கொளத்தூரில் தனி வீடு. கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கொய்யா, நடுவில் கோழிக்கூண்டு. ஆறு பெட்டைகள், எல்லாம் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி வகை. பழைய சேவலைத் தெருநாய் பிடித்துவிட்டது. தையில் பொரித்த குஞ்சுகளில் நான்கு சேவலாகியிருக்கின்றன. ஆறு பெட்டைகளுக்கு நான்கு சேவல்கள் என்றால் பெட்டைகளின் பாடு என்ன ஆவது? இரண்டுக்கு முதுகில் இறகே இல்லை. தோல் சிவந்து தெரிகிறது. பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

நான்கில் செவலைதான் பெரியது. நிமிர்ந்த கொண்டை, வளைந்து தொங்கும் வால். வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் புகழ்கிறார்கள். மாமனாரும் "உருவம் உள்ளதை விட்டுவிடாதே" என்கிறார். குஞ்சாக இருந்தபோதே என் மகன் கையில் தீனி தின்று வளர்ந்தது அது. இப்போது அவன் கொல்லைக்குப் போனாலே கழுத்திறகைச் சிலிர்த்துக்கொண்டு பாய்கிறது.

கருப்பு அப்படியில்லை. மாலையில் கம்பு இறைக்கும்போது பார்க்கிறேன்: ஒரு மணியை அலகால் எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும், தாழ்ந்த குரலில் 'குக் குக் குக்' என்று கூப்பிடும். பெட்டைகள் ஓடிவந்து கொத்தத் தொடங்கும் வரை தான் தின்னாது. மேலே பருந்து வட்டமிட்டால் முதலில் எச்சரிப்பதும் அதுதான். மற்ற இரண்டில் புள்ளி சாது. வெள்ளைக்குக் கால்விரல் கோணல்.

எனக்குக் கருப்பின் மேல்தான் மனம் போகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் விடியுமுன் கூவும் சத்தத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சேலையூர் பெரியவர்

தாமரை அம்மா, கருப்பையே வையுங்கள். செவலையை இந்த வாரமே விலக்கிவிடுங்கள். இப்போது அதன் கால் முள் சிறு மொட்டுதான். ஒரு வருடம் போனால் நீண்டு கூராகிவிடும். சிறுவனின் கண் உயரத்துக்குப் பாயக்கூடியது சேவல். கைப்பழக்கத்தில் வளர்ந்த சேவலுக்கு மனிதரிடம் அச்சம் விட்டுப்போகும். பருவம் வந்ததும் நம்மையும் போட்டிக்கு வந்த இன்னொரு சேவலாகவே எண்ணும். அடித்துத் திருத்தப் பார்த்தால் சண்டை இன்னும் முற்றும். பையனைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

ஒரு சேவல் எட்டு, பத்து பெட்டைகளுக்குப் போதும். உங்கள் ஆறுக்கு ஒன்றே தாராளம். முடிவெடுக்குமுன் கருப்பை இரவில் கூண்டிலிருந்து எடுத்து, மடியில் வைத்துப் பாருங்கள். மார்பெலும்பு நேராக இருக்க வேண்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும், சிறகுக்கு அடியில் பேன் கூடாது, பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. வெள்ளையின் கோணல் விரல் பிறவிக் குறையா, பொரிக்கும்போது நேர்ந்ததா என்று நமக்குத் தெரியாது. இனவிருத்திக்கு அது வேண்டாம்.

சத்தத்தைப் பற்றி: கூண்டை இருட்டாக்கினால் கூவாது என்பார்கள். விடியலைச் சேவல் தன் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தாலேயே அறிகிறது. இருட்டு அதை முழுவதுமாக நிறுத்தாது. 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டது இன்னொன்று: கூட்டத்தில் தலைமைச் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை தகுதி வரிசைப்படி தொடரும். தலைமையை எடுத்துவிட்டால் அடுத்தது முந்திக்கொள்ளும். ஒன்று மட்டும் இருந்தால் இந்தத் தொடர் கூவல் இல்லை. கூண்டை அந்த வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

பூந்தமல்லிக்காரன்

முட்டை மட்டும் போதுமென்றால் சேவலே வேண்டாம். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், குஞ்சுதான் பொரிக்காது. வீடுகள் நெருக்கமான தெருவில் இதையும் எண்ணிப் பாருங்கள்.

மாதவரம் தம்பி

அக்கா, இந்தப் பெட்டைகள் சேவல்களுக்குத் தாய்களா, உடன்பிறந்தவையா? எதுவானாலும் நெருங்கிய உறவிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினால் பொரிப்பு குறையும், குஞ்சுகளும் நலியும். கருப்பின் குணம் அருமையானது. இந்த ஒரு முறை குஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த தலைமுறைக்கு வெளியிலிருந்து சேவல் மாற்றுங்கள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கினாலும் தெரிந்தவரிடம் வாங்கினாலும் நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள். மூன்று, நான்கு வாரம் தனியே வைத்திருங்கள். வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரு கோழியோடு வந்தால் மொத்தக் கூண்டையும் காலி செய்துவிடும்.

மிக முக்கியம்: சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். செவலையை அனுப்பிய கையோடு முட்டைகளை அடை வைத்தால் சில குஞ்சுகள் அதனுடையதாகவே இருக்கலாம். மூன்று வாரமாவது பொறுங்கள்.

கொளத்தூர் தாமரை

எல்லாருக்கும் நன்றி. பூந்தமல்லிக்காரரே, எங்களுக்குக் குஞ்சும் வேண்டும். அடைக்கு உட்கார்ந்த பெட்டையை வெறும் கூடையிலிருந்து விரட்ட மனம் வருவதில்லை. தம்பி, பெட்டைகளில் இரண்டு தாய்கள், மற்றவை உடன்பிறப்புகள். அதனால் புள்ளியைத் திருவள்ளூரில் உள்ள சித்திக்குக் கொடுத்துவிட்டு, வரும் ஆண்டில் அவர் பக்கத்துச் சேவல் ஒன்றை வாங்கிக்கொள்வதாகப் பேசியாகிவிட்டது.

கூழ் வார்க்கும் மாதம் என்பதால் சேவலுக்கு ஆள் வருகிறது. நேற்று ஒருவர் செவலையின் காலைத் தூக்கிப் பார்த்து, முள்ளைத் தடவி, நல்ல விலை சொன்னார். எதற்கு என்று கேட்டேன், சண்டைக்கு என்றார். மறுத்துவிட்டேன். செவலையும் வெள்ளையும் அம்மன் கோயில் படையலுக்கு, மாமனார் சம்மதத்தோடு.

கருப்பை நேற்றிரவே பிடித்துப் பார்த்தேன். மார்பெலும்பு நேராக இருக்கிறது, பேன் இல்லை. ஆவணி பாதி தாண்டும் வரை வருகிற முட்டையெல்லாம் சமையலுக்குத்தான், அதன் பிறகே அடை.