ஒரே பழத்தின் விதைகள், ஆனால் இரண்டு மட்டும் ஆண் மரம்: ஏன்?

அமராவதிக் கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தாராபுரம் பக்கம் எங்கள் ஊர். போன ஆடியில் சந்தையில் வாங்கிய ஒரு பப்பாளிப் பழம் அப்படித் தித்தித்தது. விதைகளைக் கொட்ட மனம் வரவில்லை. வழவழப்பு போகச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, பால் கவர்களில் ஊன்றினேன். முளைத்து வந்ததில் 17 கன்றுகளைக் கிணற்று வாய்க்கால் ஓரமாக நட்டேன். ஒன்று தண்ணீர் தேங்கி அழுகிவிட்டது. மற்ற 16 மரங்களும் தை பிறந்ததும் பூத்துவிட்டன.

அவற்றில் 14 மரங்களில் பூ தண்டை ஒட்டியே வந்திருக்கிறது. இரண்டில் மட்டும் முழ நீளத்துக்குக் காம்பு தொங்குகிறது. அதில் கொத்துக் கொத்தாக ஒல்லியான பூக்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பார்த்தவுடன், "இவை ஆண். அடிமரத்தில் இரும்பு ஆணி அடித்தால் காய்க்கும்" என்று சொல்லி, ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்துவிட்டார். நன்றாக வளர்ந்து நிற்கும் மரத்தில் ஆணி இறக்க எனக்கு மனமில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மெண்டலின் பட்டாணிப் பாடம் இப்போதுதான் முடிந்தது. "மூன்றுக்கு ஒன்று என்றால் 12, 4 என்று வர வேண்டும். 14, 2 எப்படி வரும்?" என்று நோட்டில் கட்டம் போட்டபடி இருக்கிறாள். ஒரே பழத்துக்குள் இருந்த விதைகள் ஏன் இப்படிப் பிரிந்தன?

இன்னொன்றும் கேட்க வேண்டும். மீந்த விதை ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். கடுகைக் கடித்ததுபோல மூக்கில் ஏறியது. பப்பாளிக்கும் கடுகுக்கும் ஏதாவது உறவு உண்டா?

செம்மண் காடு

சகோதரி, ஆணி வேண்டாம். நானே ஒரு முறை அடித்திருக்கிறேன். நான்கைந்து மாதம் கழித்து அந்த மரத்தின் தொங்கு காம்பில் விரல் நீளத்தில் ஏழெட்டுக் காய்கள் பிடித்தன. ஊரே வந்து பார்த்தது. ஆனால் வரப்புக்கு அந்தப் பக்கம் ஆணி அடிக்காமல் விட்டிருந்த இன்னொரு ஆண் மரத்திலும் அதே பருவத்தில் காய் பிடித்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். தட்பவெப்பம் மாறும்போது சில ஆண் மரங்கள் தாமாகவே இப்படிச் சில காய்கள் விடும். பெயர் ஆணிக்குப் போய்விடுகிறது.

முழுக்க ஆண், பெண் என்று பிரியும் ரகமாக இருந்தால் இருபது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் விடுவது வழக்கம். உங்களுக்கு அதுவும் தேவைப்படாமல் போகலாம். பூவைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இலைக்காம்பு

அம்மா, முப்பது ஆண்டுகள் தாவரவியல் நடத்தியவன் நான். இதற்குப் பதில் சொல்லும் முன் இரண்டு விவரங்கள் வேண்டும்.

நீங்கள் சாப்பிட்ட அந்தப் பழம் உருண்டையா, நீளமா?

அடுத்தது, அந்த 14 மரங்களிலும் ஒவ்வொரு பூவைப் பறித்து, பாப்பாவை விட்டு பிளேடால் நெடுக்காகப் பிளக்கச் சொல்லுங்கள். உள்ளே பருத்த சூலகம் மட்டும் இருந்தால் அது பெண் பூ. சூலகம் ஒடுங்கி நீண்டு, அதைச் சுற்றி மஞ்சளாகப் பத்து மகரந்தத்தாள்கள் இருந்தால் இருபால் பூ. எண்ணி எழுதுங்கள்.

அமராவதிக் கரை

ஐயா, பழம் நீளம். சுரைக்காய்போல நடுவில் கொஞ்சம் ஒடுங்கியிருந்தது.

பூக்களைப் பிளந்து பார்த்துவிட்டோம். இத்தனை நாள் எல்லாம் ஒரே பூ என்று நினைத்திருந்தேன். 5 மரங்களில் சூலகம் மட்டும். 9 மரங்களில் சூலகமும் மகரந்தத்தாள்களும். மகள் எல்லாவற்றையும் வெள்ளைத்தாளில் ஒட்டி, மரத்தின் எண்ணும் எழுதிவிட்டாள். ஆக 5 பெண், 9 இருபால், 2 ஆண்.

இலைக்காம்பு

பாப்பா செய்த வேலை பாராட்டுக்குரியது. இனி கணக்கைப் பார்ப்போம்.

பப்பாளிக்கு 9 ஜோடி குரோமோசோம்கள். அதில் ஒரு ஜோடிதான் பாலைத் தீர்மானிக்கிறது. எக்ஸ் இரண்டு இருந்தால் பெண். எக்ஸோடு ஒய் இருந்தால் ஆண். நம்மைப் போலத்தானே என்று தோன்றும். ஆனால் பப்பாளியில் ஒய் இரண்டு வகை. இரண்டாவது வகையை ஒய்-எச் என்பார்கள். எக்ஸோடு ஒய்-எச் சேர்ந்தால் இருபால் மரம். 1938ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் ஹோஃப்மெயரும் ஹவாயில் ஸ்டோரியும் தனித்தனியே இந்த மூன்று பால்களின் கணக்கை விளக்கினார்கள். ஒரே மரபணுவின் மூன்று வடிவங்கள் என்று அவர்கள் எழுதினார்கள். குரோமோசோம் என்பது பிற்பாடு தெளிவானது.

பெண் மரத்தின் பழம் பெரும்பாலும் உருண்டை. நீளப் பழம் என்றால் அதன் தாய் இருபால் மரம். இருபால் மரம் தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொண்டால், சூலிலும் எக்ஸ் அல்லது ஒய்-எச், மகரந்தத்திலும் எக்ஸ் அல்லது ஒய்-எச். கட்டத்தில் நான்கு அறைகள்: ஓர் அறை பெண், இரண்டு அறைகள் இருபால். நான்காவதில் இரண்டு ஒய்-எச். அந்தக் கரு பிழைப்பதில்லை. மகரந்தம் சேர்ந்த சில வாரங்களில் காய்க்குள்ளேயே மடிந்துவிடும். உயிர் வாழத் தேவையான ஏதோ ஒன்று எக்ஸில் இருக்கிறது, ஒய்யில் இல்லாமற்போயிருக்கிறது. ஆகவே பிறப்பவற்றில் ஒன்றுக்கு இரண்டு. பாப்பா 3:1 தேடியது தவறில்லை, நான்கில் ஒரு பங்கு பிறக்கவே இல்லை என்பதுதான் விடுபட்டது. 1905இல் பிரான்சில் கெனோ என்பவர் மஞ்சள் எலிகளை இணைத்தபோதும் இதே 2:1 தான் வந்தது.

இந்தக் கட்டத்தில் ஆண் மரத்துக்கு இடமே இல்லை. அப்படியானால் அந்த 2 மரங்களின் ஒய், தாயிடமிருந்து வந்திருக்க முடியாது. அந்தத் தோட்டத்தில் எங்கோ ஓர் ஆண் மரம் நின்றிருக்கிறது. அதன் மகரந்தமும் அதே பூவில் விழுந்திருக்கிறது. அந்தச் சேர்க்கையில் பெண், ஆண், இருபால் மூன்றும் சமமாகப் பிறக்கும். உங்கள் 16இல் 6 விதைகள் அந்த ஆணால் வந்தவை என்று வைத்தால் 2, 2, 2. மீதி 10 தன் மகரந்தத்தால் வந்தால் ஏறத்தாழ 3 பெண், 7 இருபால். கூட்டிப் பாருங்கள்: 5 பெண், 9 இருபால், 2 ஆண். இப்படித்தான் நடந்தது என்று அடித்துச் சொல்லமாட்டேன், 16 சிறிய எண். ஆனால் வெளியே நின்ற ஓர் ஆண் மரத்தின் மகரந்தம் இந்தப் பழத்துக்குள் வந்திருக்கிறது என்பது உறுதி.

இருபால் மரங்கள் ஒன்பது இருப்பதால் மகரந்தத்துக்குக் குறைவில்லை. ஆண் மரங்களை வைப்பதும் வெட்டுவதும் உங்கள் விருப்பம்.

பாப்பாவுக்கு இன்னொரு செய்தி. மத்திய அமெரிக்கக் காடுகளில் தானாக வளரும் பப்பாளியில் ஆணும் பெண்ணும் மட்டுமே உண்டு. ஒய்-எச் அங்கே இல்லை. இரண்டு ஒய்களின் டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்டபோது அவை பிரிந்து சுமார் 4,000 ஆண்டுகள்தான் ஆகியிருக்கும் என்று 2015இல் கணக்கிட்டார்கள். பரிணாமத்தில் அது நேற்று மாதிரி. அந்தப் பகுதியில் வேளாண்மை வேரூன்றிய காலம் அது. ஆண் மரம் ஒன்றில் நேர்ந்த மாற்றம், தனியாக நின்றும் காய்க்கிறது என்று யாரோ ஓர் உழவர் அதன் விதையை எடுத்து வைத்திருக்க வேண்டும். நீங்கள் சாம்பலில் புரட்டி எடுத்து வைத்ததும் அந்த வேலையின் தொடர்ச்சிதான்.

வேலிப்பருத்தி

கடுகுக் கேள்விக்கு நான் வருகிறேன். உறவு உண்டு, நெருங்கிய உறவே.

கல்லூரியில் நான் படித்தது, பூவின் அமைப்பை வைத்துத் தாவரங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கும் பெந்தாம்–ஹூக்கர் வகைப்பாடு. அதில் பப்பாளியைப் பேஷன் பழக் கொடியின் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். முருங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதற்கும் முன்பு, 1753இல் லின்னேயஸ், ஆண் தனி, பெண் தனி, மகரந்தத்தாள் பத்து என்று எண்ணிப் பப்பாளிக்கு இடம் கொடுத்தார். உங்கள் ஒன்பது மரங்களைக் காட்டியிருந்தால் அவருக்குச் சிக்கலாகியிருக்கும்.

இன்று பப்பாளி, முருங்கை, கடுகு மூன்றும் பிராசிக்கேலிஸ் என்ற ஒரே வரிசையில் (பல குடும்பங்கள் சேர்ந்த பெரிய பிரிவில்) இருக்கின்றன. 1975இல் டால்கிரென் என்ற தாவரவியலாளர் இந்தக் கார நெடியை வைத்தே இவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும் என்றார். பூவின் அமைப்பைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஏற்கக் கடினம். டிஎன்ஏ வந்த பிறகு, 1998இல் வெளியான வகைப்பாடு அதை உறுதியாக்கியது. பப்பாளிக் குடும்பத்துக்கு மிக அருகில் இருப்பது முருங்கைக் குடும்பம். எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை: ஒரே கொல்லையில் இரண்டும் எத்தனை காலமாக நிற்கின்றன!

காரத்தின் வழி இதுதான். செல்களில் குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஓரிடத்திலும், அதை உடைக்கும் மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்திலும் இருக்கும். கடித்தால் இரண்டும் கலந்து ஐசோதயோசயனேட் உண்டாகும். மூக்கில் ஏறுவது அதுதான். பூச்சி கடித்தாலும் அதே கதிதான். முருங்கை வேரைக் கீறி முகர்ந்து பாருங்கள், அதே நெடி. முகர்ந்தால் போதும், வேரைத் தின்ன வேண்டாம். தரிசில் முளைக்கும் நாய்க்கடுகும் நல்வேளையும் இதே வரிசைதான். நாய்க்கடுகுக்குக் கடுகு என்று பெயர் வைத்தவர்கள் நுட்பமானவர்கள்.

ஆனால் நெடியை மட்டும் நம்பி உறவு சொல்லிவிடக் கூடாது. நம் புதர்க்காடுகளில் உள்ள வீரை மரத்தின் இனத்திலும் குளுக்கோசினோலேட் உண்டு. டிஎன்ஏ-படி அது ஆமணக்கு இருக்கும் பக்கம். அங்கே இந்தக் காரம் தனியாகத் தோன்றியிருக்கிறது. நெடி சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்பை வேறு சான்றுகளும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.

அமராவதிக் கரை

முருங்கை வேரைக் கீறிப் பார்த்தோம். அதே நெடி! பெரியவரையும் கூப்பிட்டு முகரச் சொன்னேன். ஆணியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆண் மரங்களில் ஒன்றை அப்படியே விட்டுவிடலாம், கார்த்திகையில் காய்க்கிறதா பார்ப்போம் என்று அவரே சொல்கிறார்.

மகள் கேட்கச் சொன்னது: முளைக்காத விதைகளை எண்ணினால் அந்த இறந்த கால் பங்கு தெரியுமா?

இலைக்காம்பு

தெரியாது. அந்தக் கருக்கள் விதையாக முற்றும் முன்பே போய்விடும். முளைக்காததற்கு ஈரம், வயது என்று வேறு காரணங்கள் உண்டு.

2:1 கணக்கைச் சோதிக்க வேறு வழி இருக்கிறது. இருபால் மரத்தில் நாளை விரியப்போகும் மொட்டை இன்றே பட்டர் பேப்பர் உறையால் மூடிக் கட்டுங்கள். வெளி மகரந்தம் நுழையாது. காய் பிடித்ததும் உறையை எடுத்துவிட்டு, அடையாள நூல் கட்டுங்கள். அதன் விதைகளில் ஆண் மரமே வரக் கூடாது. பங்குனி வெயிலுக்கு முன் செய்துவிடுங்கள். கடும் வெப்பத்தில் இருபால் பூக்களில் சூலகம் சுருங்கி, காய் பிடிக்காமல் போகும்.

அமராவதிக் கரை

4, 7, 11 ஆகிய மூன்று மரங்களில் இன்று மாலை உறை கட்டிவிட்டோம் ஐயா. நூல் சிவப்பு. ஆடிக்குள் பழுத்துவிடும் என்று நினைக்கிறேன். 40 கன்றுகளுக்கு வாய்க்காலின் அந்தக் கரையில் இடம் இருக்கிறது.